குறைந்துகொண்டே வந்த திருட்டு

அத்தியாயம் 4

திருடு போனது பன்னிரண்டு என்று சொல்லித்தான் வித்யாவை அழைத்திருந்தார்கள். அவள் எண்ணியபோது ஆறுதான் குறைந்தது.

மறுபடியும் எண்ணினாள். ஆறுதான்.

"நல்ல திருட்டு மேடம்," என்றார் அங்கமுத்து. "நாம இன்னும் மூணு நாள் வராம இருந்திருந்தா கேஸ் தானா முடிஞ்சிருக்கும்."

வித்யா பதில் சொல்லவில்லை. மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள் அவள். பேச்சு குறைவு. எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சற்று நேரத்தைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னவர்கள் உண்டு. அவளுடைய காரை ஓட்டி, கோப்புகளைச் சுமந்து, அவள் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிற உதவியாளர் அங்கமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. முன்பு கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்தவர்.

அவர்கள் நின்றிருந்தது பழவேற்காட்டில், ஷாகுல் ஹமீதின் வீட்டு மாடியில். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவருக்கு ஒரே பைத்தியம் பழைய ஈயச் சிப்பாய்கள். விரல் நீளப் பொம்மைகள். சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, தோளில் துப்பாக்கி, துப்பாக்கி நுனியில் ஊசி போலக் கத்தி. தலை போனது, கை போனது, குதிரை போய் ஆள் மட்டும் மிஞ்சியது என்று சென்னை நடைபாதைக் கடைகளில் கிடைப்பதையெல்லாம் வாங்கி வருவார். கழுத்து ஓட்டையில் தீக்குச்சியைச் செருகித் தலையை ஒட்டுவார். போன கையை வார்த்து வைப்பார். அறையின் நடுவே கிடக்கும் பெரிய மேஜையில் அவற்றை நிறுத்திப் பகடை உருட்டிப் போர் நடத்துவார். வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து அவரைப் போலவே நாலு பேர் படையோடு வருகிறார்கள்.

சிப்பாய்களுக்கு முகம் வரைவது பூவிழி. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். வயது இருபத்தொன்பது. நாலு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் இந்த மாடிக்கு வந்து, மூன்று முடி மட்டும் உள்ள தூரிகையால் புருவமும் மீசையும் போடுகிறாள். வித்யாவை அமர்த்தியதும் அவள்தான். இப்போது தெருமுனையில் காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சனிக்கிழமையிலிருந்து அவளை வீட்டுக்குள் விடவில்லை.

"நான் மூணு தடவ எண்ணினேன்மா," என்றார் ஷாகுல் ஹமீதின் மனைவி மெஹருன்னிசா. "சனிக்கிழமை பன்னெண்டு இல்ல. எனக்குக் கண்ணும் நல்லாருக்கு, கணக்கும் நல்லாருக்கு."

அவசரத்தில் தப்பாக எண்ணியிருக்கலாமே என்று ஷாகுல் ஹமீது மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஷாகுல் ஹமீது ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

மாடி அறைக்கு வீட்டுக்காரரைத் தவிரப் போய்வருகிறவள் பூவிழி மட்டும்தான் என்று மெஹருன்னிசா மீன்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். சொன்னாராம், அவ்வளவுதான்; குற்றம் சாட்டவில்லையாம். சாயங்காலத்துக்குள் அது குப்பத்துக்குப் போய், ஊர்க் கூட்டமாகி, தீர்ப்பும் ஆகிவிட்டது.

தீர்ப்பு சிறியதல்ல. ஏரியில் இறால் விழுகிற இடங்களைக் குப்பத்துக் குடும்பங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த முறை என்று எடுப்பார்கள். தன் முறை நாளில் தன் இடத்தில் வலை விட்டால் வேறு யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. சீட்டில் பெயர் இல்லாத வீடு அந்த வருஷம் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான். களவுப் பொருள் இருக்கிற வீட்டின் பெயர் இந்த வருஷச் சீட்டில் விழாது என்று சொல்லிவிட்டார் ஊர்த் தலைவர் ராஜவேலு. பூவிழியின் அப்பா சடையனின் பெயர் விழாது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

சீட்டுக் குலுக்கல் இன்றைக்கு. மாலை நாலு மணிக்கு. இப்போது பத்தே முக்கால்.

சிப்பாய்கள் நிற்கிற அலமாரி கதவில்லாதது, இடுப்புயரம், சுவரை ஒட்டிக் கிடந்தது. எல்லோரும் வரிசை வரிசையாக அறையைப் பார்த்து நின்றார்கள். வித்யா குனிந்து பார்த்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். 

அலமாரியின் முன் விளிம்பில், எந்த வரிசையிலும் சேராமல் ஆறு பேர். ஆறு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"பனிஷ்மென்டா மேடம்?" என்றார் அங்கமுத்து.

இவர்களை இப்படி வைத்தது யார் என்று கேட்டாள். ஷாகுல் ஹமீது தான் இல்லை என்றார். படையைப் புறமுதுகு காட்டி நிறுத்துகிற வழக்கம் தன்னிடம் கிடையாது என்று சற்று வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார். மெஹருன்னிசா தூசு தட்டுவதோடு சரி, திருப்புவதில்லை.

வித்யா ஒரு சிப்பாயை எடுத்தாள். அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றாள். அங்கமுத்துவின் முகத்தைப் பார்த்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிப்பாயை வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் விளிம்பில் நின்றான். சுவரைப் பார்த்து நின்றான்.

அங்கமுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது அபூர்வம்.

"திருடினவங்க திருப்பி வெக்கிறாங்க," என்றாள் வித்யா. "உங்ககிட்ட பேசிக்கிட்டே."

சனிக்கிழமைக்குப் பிறகு மாடிக்கு வந்தது யார் யார் என்று கேட்டதற்கு மெஹருன்னிசா கையை விரித்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. விசாரிக்க வந்தவர்கள், துக்கம் கேட்பதுபோல வந்தவர்கள், மின்விசிறி சரி பார்க்க வந்தவர். ஒரு பொருள் காணாமல் போன இடத்தைப் பார்ப்பதில் மனிதர்களுக்கு இருக்கிற ஆசை, இருக்கிற பொருளைப் பார்ப்பதில் இல்லை. மூன்று வருஷமாக அழைத்தும் வராதவர்கள் எல்லாம் இந்த மூன்று நாளில் வந்தார்கள் என்றார் ஷாகுல் ஹமீது.

புறப்படும்போது வித்யா உடைசல் டப்பாவிலிருந்து தலையில்லாத சிப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

*

காரில் பூவிழி பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பாதி திரும்பி வந்துவிட்டது என்று அங்கமுத்து சொன்ன பிறகும் அவள் முகம் தெளியவில்லை.

"அது பாயம்மா தப்பா எண்ணிட்டாங்கனு சொல்லிடுவாங்க சார். மீதி ஆறு இன்னும் எங்க வீட்ல கீதுனுதான் சொல்வாங்க. நைனா புது வலைக்கு ஈயம் கோத்துக்கினு இருக்காரு. அதான் சிப்பாய்னு ஊரே சொல்லுது."

இதைத்தான் வித்யா பார்க்க விரும்பினாள். வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டு வேண்டும். சிப்பாய் ஈயம். வலைக்காரனின் மகள் சிப்பாய் இருக்கிற அறைக்குப் போகிறாள். இவ்வளவு நேராக ஒரு கோடு கிடைத்தால் யாரும் அதன் மேல்தான் நடப்பார்கள்.

சடையன் வீட்டுக்கு வெளியே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே வலையை இழுத்துக் கட்டி வேலை செய்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கயிற்றைப் பார்த்தார். வித்யாவும் பேசவில்லை. இரண்டு பேரும் பேசாமல் இருந்ததில் ஒரு நட்பு உண்டானதுபோல் இருந்தது. அங்கமுத்துவுக்குத்தான் மூச்சு முட்டியது.

கடைசியில் வித்யா கையிலிருந்த தலையில்லாச் சிப்பாயை நீட்டினாள். இதை உருக்கினால் எத்தனை குண்டு ஆகும் என்று கேட்டாள்.

சடையன் வாங்கி உள்ளங்கையில் இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவர் உதடு கோணியது.

"உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் கூடு. இதுல பன்னெண்டு இன்னா, நூறு உருக்குனாலும் ஒரு வலைக்குக் காணாது."

பிறகு தன் கயிற்றிலிருந்த குண்டு ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினார். ஈயத்தில் பல் தடம் பதிந்தது. வலை ஈயம் அப்படி இளகி இருக்க வேண்டும். அப்போதுதான் கயிற்றைச் சுற்றி அழுத்தினால் கவ்விப் பிடிக்கும். அடுத்துச் சிப்பாயின் காலைக் கடித்தார். தடம் விழவில்லை. விரலால் வளைத்தார். கால் படக்கென்று உடைந்தது. மீசையும் துப்பாக்கியும் தேயாமல் நிற்க வேண்டும் என்பதற்காகப் பொம்மை செய்தவர்கள் ஈயத்தில் வேறு எதையோ கலந்து இறுக்கியிருந்தார்கள்.

"வலைக்கு ஆவாது. கயித்துல வெச்சி அழுத்துனா உடஞ்சி தண்ணில போவும்."

"தலைதான் போயிருந்துச்சு, இப்ப காலும் போச்சு," என்றார் அங்கமுத்து. "பாய்க்கு இன்னொரு தீக்குச்சி செலவு."

சடையன் சிரிக்கவில்லை. ஆனால் கயிற்றைக் கீழே வைத்தார்.

இந்தக் குப்பத்தில் எல்லோரும் வலைக்காரர்கள்தானே, ஒருவர்கூடவா கடித்துப் பார்க்கவில்லை என்று வித்யா கேட்டாள்.

"தலைவர் தீர்ப்பு சொன்னப்புறம் யாரும்மா கடிப்பா?" என்றார் சடையன்.

பூவிழி சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பாய் வீட்டில் களவு என்று செய்தி வந்ததுமே ஊர் கூடிவிட்டது. ராஜவேலு நல்லவர்தான், நியாயஸ்தர்தான். ஆனால் எதிலும் அவசரம். களவுப் பொருள் இருக்கிற வீட்டுக்குச் சீட்டில் பெயர் இல்லை என்று எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"சொல்லி முடிச்சிட்டுதான் இன்னா திருடு போச்சினு கேட்டாரு. பன்னெண்டு பொம்மைனு சொன்னாங்க. அவ்ளோதான், அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை பேசல. என் மேல அவ்ளோ கோவம்."

"கோவமா?" என்றாள் வித்யா.

பூவிழி யோசித்தாள். கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

வித்யா ஏரியைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் வற்றிய மேட்டில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன.  பிறகு காருக்குத் திரும்பினாள். மறுபடியும் பாய் வீட்டுக்கே போக வேண்டும் என்றாள்.

*

ஷாகுல் ஹமீது தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டு மாடியில் இருந்தார். நடு மேஜையில் பச்சைத் துணி விரித்திருந்தது. அட்டைக் குன்றுகள், தீக்குச்சி வேலிகள், பிரம்புத் தட்டில் பகடைகள். எதிரெதிரே இரண்டு முக்காலிகள்.

ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் யாரோடு ஆடுவீர்கள் என்று வித்யா கேட்டாள். தனியாகத்தான் என்றார். இரண்டு பக்கமும் தானே ஆடுவாராம். ஒரு பக்கம் காய் நகர்த்திவிட்டு எழுந்து போய் எதிர்ப்பக்கம் உட்காருவாராம்.

"அப்ப யார் ஜெயிச்சாலும் பிரியாணி ஒரே வீட்லதான்," என்றார் அங்கமுத்து.

வித்யா மேஜையைச் சுற்றி வந்தாள். ஒரு சிப்பாய் ஒரு தடவைக்கு ஆறு அங்குலம் நகரலாம் என்பது ஆட்டத்தின் விதி. அதை அளக்க ஜன்னல் பக்கத்து முக்காலியின் மேல் ஓர் இரும்பு டேப் இருந்தது. எதிர் முக்காலிக்குக் கீழே, துணியின் மடிப்பில், ஒரு நைலான் கயிறு கிடந்தது. வலை பின்னுகிற பச்சைக் கயிறு. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் கல் போல இறுகி, ஒரே அளவில் இருந்தது.

அவள் அதை எடுத்து மேஜையில் வைத்தாள். இதேபோல ஒரு முடிச்சு போட்டுக் காட்டச் சொன்னாள்.

ஷாகுல் ஹமீது முயன்றார். இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் அது அவிழ்ந்து கைக்கு வந்தது. கயிற்றை மேஜையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வித்யா காத்திருந்தாள்.

"வாக்குக் கொடுத்திருக்கேன்மா," என்றார் கடைசியில். "அவர் இங்க வர்றது வெளியில தெரியக் கூடாதுன்னு. பொம்மை வெச்சு ஆடுறார்னு தெரிஞ்சா அவருக்கு மரியாதை போயிடும். என் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது, அவ தங்கச்சி வீட்டுக்குப் போற வெள்ளிக்கிழமைதான் வருவார். ஆனா அவர் திருடுற ஆள் இல்ல. அதுக்கு நான் சத்தியம் பண்ணுவேன்."

பேர் வேண்டாம் என்றாள் வித்யா. போன வெள்ளிக்கிழமை யார் ஜெயித்தது என்று மட்டும் கேட்டாள்.

ஷாகுல் ஹமீதுக்கு இந்தக் கேள்விதான் களவைவிட வலித்ததுபோல் தெரிந்தது. நண்பர்தான் என்றார். ஏரித் தண்ணீரில் வலையை வளைக்கிற மாதிரி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து தன் இடது அணியைச் சுருக்கிவிட்டார் என்றார். அந்த மாதிரிச் சண்டை எந்தப் புத்தகத்திலும் இல்லையாம்.

"உங்க பக்கம் எத்தனை பேர் விழுந்தாங்க?"

"பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு ஷாகுல் ஹமீது வாயைத் திறந்தபடியே நின்றார்.



விழுந்தவர்களை மேஜை ஓரத்தில் வைப்பதுதான் வழக்கம், ஆட்டம் முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு மாலை நேர அஸர் பாங்கு சொன்னதும் தான் தொழுகைக்குக் கீழே போய்விட்டதாகவும், வந்து பார்த்தபோது நண்பர் போயிருந்தார், மேஜை சுத்தமாக இருந்தது என்றும் சொன்னார். அவரே அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாராம்.

"விழுந்தவங்க திரும்பிப் போயிடுவாங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றாள் வித்யா.

 நண்பர் அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்றார் ஷாகுல் ஹமீது. அதனால் சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லையாம்.

*

மூன்றே முக்காலுக்கு வலைக் கொட்டகையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆண்கள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கம்பங்களுக்கு வெளியே. நடுவில் மண் பானை. அதற்குள் மடித்த சீட்டுகள். சடையன் கடைசி வரிசையில், தன் பெயர் இல்லாத பானையைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவிழி அவருக்குப் பின்னால் நின்றாள். ஷாகுல் ஹமீதும் மெஹருன்னிசாவும் வந்து ஒரு ஓரமாக நின்றார்கள். என்ன ஏது என்று மனைவியிடம் அவர் வழியில் சொல்லியிருக்க வேண்டும்; மெஹருன்னிசா பூவிழியின் பக்கம் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார்.

ராஜவேலு பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நெடிய மனிதர், வெள்ளை மீசை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தார். வேட்டிக்கு மேல் இடுப்பில் ஒரு துண்டைத் தடிமனாகச் சுற்றியிருந்தார்.

துப்பறிகிறவர்கள் வந்திருப்பதைப் பார்த்ததும் ஊருக்கு அவர்களை அறிமுகம் செய்துவைத்தார். பேச வேண்டியதைப் பேசலாம் என்றார். வித்யா பேசவில்லை. அவருக்கு நேர் எதிரில் மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவரைப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. யாரோ இருமினார்கள்.

"மேடம் பேச மாட்டாங்க," என்றார் அங்கமுத்து, கல்யாண மண்டபக் குரலில். "எல்லாரும் உக்காந்தாச்சு. பெரியவங்க உக்காந்தாச்சு. தலைவர் மட்டும் நிக்கிறது எங்களுக்கு மரியாதையா இல்ல. தலைவர் உக்காந்தாருன்னா ஆரம்பிச்சிடலாம்."

பரவாயில்லை, நிற்கிறேன் என்றார் ராஜவேலு.

சீட்டுக் குலுக்குகிறவர் உட்கார்ந்துதானே குலுக்க வேண்டும், அதுதானே முறை என்று முன் வரிசைக் கிழவர் ஒருவர் கேட்டார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ராஜவேலு அவர்களைப் பார்த்தார். வித்யாவைப் பார்த்தார். பிறகு பனைமரம் சாய்வதுபோல மெல்ல முழங்காலை மடித்தார். பாதி வழியில் நின்றார். முகம் சுளித்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினார். "ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் எழுந்து நின்றுவிட்டார்.

கொட்டகை அமைதியானது. வித்யா எத்தனையோ விதமான அமைதிகளைப் பார்த்தவள். பயத்தால் வருவது வேறு, பிடிவாதத்தால் வருவது வேறு. இது ஒரு நல்ல மனிதர் தனக்குள்ளேயே நடந்து, கடைசிச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிற அமைதி. அவசரப்படுத்தக் கூடாதது.

ராஜவேலு துண்டை அவிழ்த்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்துப் பானைக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார். பிறகு இன்னொன்று. ஆறு பேர், துப்பாக்கிக் கத்தியை நீட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்து நின்றார்கள்.

"என் வீட்லதான் இருந்துச்சு," என்றார்.



"பாய் வீட்ல வெள்ளிக்கிழமையில ஆடுவேன். ரெண்டு வருஷமா. போன வாரந்தான் மொத மொத ஜெயிச்சேன். என் முறையில என் வலையில விழுந்தது எனக்குனு எடுத்துக்கினு வந்துட்டேன். ஏரியில அப்படித்தான? அது திருடு போன பொருளுனு எனக்குத் தோணவேயில்ல. தோணுனப்ப தீர்ப்பு சொல்லி முடிச்சிட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பொன்னேரியில் மீட்டிங் என்று போனது இந்த மீட்டிங்குக்குத்தானா என்று அவர் கேட்டார். கொட்டகையில் சிரிப்பு முதலில் ஒரு மூலையில் ஆரம்பித்துப் பரவியது. ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டு அது முடியும்வரை நின்றார்.

விசாரணை என்று சொல்லிக்கொண்டு நாளைக்கு இரண்டாகத் திருப்பி வைத்ததைச் சொன்னார். மடியில் இரண்டுக்கு மேல் வைத்தால் வெளியே தெரிந்தது. கடைசி நாள் என்பதால் இன்றைக்கு ஆறையும் துணிந்து கட்டிக்கொண்டு போனால், தெருமுனையில் இவர்கள் கார் நின்றது; மத்தியானம் மறுபடி போனபோதும் நின்றது.

பிறகு குனிந்து பானையில் கைவிட்டார். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்துத் தன் பெயர் எழுதியதை எடுத்துக் கிழித்தார். ஒரு வெள்ளைத் தாளில் சடையன் என்று எழுதி, எல்லோருக்கும் காட்டி, மடித்து உள்ளே போட்டார்.

"நான் சொன்ன தீர்ப்புதான். எந்த வீட்ல இருந்துச்சோ அந்த வீட்டுக்கு இல்ல."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷம். தலைவரின் இரண்டு படகுகளும் கரையில் கிடக்கும். சடையன் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல் மகளைப் பார்த்தார்.

பூவிழி கூட்டத்துக்குள் வந்தாள். பெண்கள் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை. ஆறு சிப்பாய்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒருவனுக்கு மூக்கு நுனியில் சாயம் பெயர்ந்திருந்தது.

"நாலு நாளா தெருவுல யாரும் என் மூஞ்சிய பாக்கல தலைவரே," என்றாள், சிப்பாயைப் பார்த்தபடியே. "நைனா சோறு தின்னல. நீங்க அத பாத்துக்கினுதான இருந்தீங்க."

ராஜவேலு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். ஊர் முன்னால் அவள் பெயரைச் சொல்லி, தப்பு தன்னுடையது என்றார். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும், கேள் என்றார்.

மெஹருன்னிசா இதற்குள் கம்பத்தைத் தாண்டி வந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் பூவிழி அவரைப் பார்த்து, நாளைக்கு வருகிறேன் பாயம்மா, மூக்கு போடணும் என்றாள். மெஹருன்னிசா அவள் தோளில் கை வைத்தார். அதோடு அது முடிந்தது.

தலைவரின் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. வித்யாவே மெச்சிக்கொள்கிற அளவுக்கு யோசித்தாள்.

"மொதல்ல உங்க சீட்டையும் எழுதிப் போடுங்க. நீங்க ஜெயிச்சி எடுத்தது. திருட்டு இல்ல."

ஊர் ஆமாம் என்று முனகியது. ராஜவேலு மறுத்தார். அவள் விடவில்லை. அவர் எழுதிப் போட்டார்.

"ரெண்டாவது?" என்றார்.

"நாலு வருஷமா நான்தான் இவங்களுக்கு மூஞ்சி வரையிறேன். ஒரு நாளும் யாரும் என்னை ஆடக் கூப்புடல." அவள் ஷாகுல் ஹமீதின் பக்கம் திரும்பிவிட்டு மறுபடியும் தலைவரைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம மெட்ராஸ்காரங்க வர்றதுக்கு முன்னாடி, காலையில ஒரு ஆட்டம். இங்க, இதே கொட்டாயில, ஊர் பாக்க. பாய் படை என்னுது. எதிர்ல நீங்க உக்காரணும்."

ஷாகுல் ஹமீதின் முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. ராஜவேலு ஊரைப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். அங்கிருந்து எந்த உதவியும் வரவில்லை.

"உனக்கு விதியெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார், கடைசி நம்பிக்கையாக.

"மூணாவது வெள்ளிக்கெழம நீங்க குதிரைப்படைய மேட்டுல ஏத்துனதுதான் தப்பு," என்றாள் பூவிழி. "பாய் எழுதி வெக்கிற நோட்டு பூரா படிச்சிருக்கேன். எதிர்ல ஆடுனது யாருனு பேரு மட்டும் அதுல இல்ல."

ராஜவேலு பானையைத் தூக்கிக் குலுக்க ஆரம்பித்தார். ஏழாவது சீட்டில் சடையனின் பெயர் வந்தது.